ஆறாம் கேசட்டின் கடைசிப் பாட்டு

போன மாதம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேசட் படத்தைப் போட்டு, ‘இதை மறக்க முடியுமா?’ என்று கேட்டிருந்தீர்கள். வரிசையாக இதயங்களும் கண்ணீர்ப் பொம்மைகளும் வந்து விழுந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ‘பெரிய மனுஷி ஆயிட்டியா?’ என்று கேலி வேறு செய்தீர்கள். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் பல் மாதிரி சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, அது ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் புதிதாக எதையும் பதிய முடியாது. கம்பெனிப் பாட்டுக் கேசட்டுகள் பல் இல்லாமலே விற்பனைக்கு வரும். ஆனால் அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும், மறுபடியும் பதியலாம். நம்மில் இதைச் செய்யாதவர் யாரும் இல்லை. நான் சொல்லப்போவது அப்படி ஒட்டிய ஒரு துண்டு செல்லோடேப்பைப் பற்றி. அதை ஒட்டியவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடும் பேக்கரி ஆன்ட்டியின் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டவை. ஆன்ட்டி விவேக் நகரில் ஒரு பேக்கரியில் விடியற்காலையில் அடுப்பு மூட்டப் போவார், மதியம் திரும்புவார். அவர் வந்ததைக் கதவு திறக்கிற சத்தத்தைவிட, சுவரைத் தாண்டி வருகிற பன் வாசனைதான் முதலில் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், அவரும் ஆஸ்திரேலியாவில்.

மகன் போன கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் இங்கிலீஷ் பாட்டுக்கு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். ‘இது ஒரு பொழப்பா?’ என்று ஆன்ட்டி நாளும் சண்டை. ஒருநாள் கோபம் தலைக்கேறி, கிட்டாரைக் கொண்டுபோய் பேக்கரி அடுப்பில் விறகோடு விறகாகத் தள்ளிவிட்டார். அன்றைக்கு வெந்த ரொட்டியில் வார்னிஷ் நாற்றம் அடித்ததாக வாங்கித் தின்றவர்கள் சொல்வார்கள். மகன் ‘நான் சொல்றத நீ எப்பவாவது கவனமா கேட்டிருக்கியாம்மா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்தான்.

நாலைந்து வருஷம் கழித்து முதல் பார்சல் வந்தது. உள்ளே ஒரு டேப்ரிக்கார்டரும் ஒரு கேசட்டும். அந்த நாட்டு ராக், பாப் பாட்டுகளில் முந்தைய வருஷங்களில் கொடிகட்டிப் பறந்தவற்றைப் பொறுக்கி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தொகுப்பாக வெளியிடுவார்களாம். மகனுக்கு அந்தக் கேசட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கிடங்கில் வேலை. வருஷத்துக்கு ஒரு தொகுப்பு தவறாமல் வரும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் அறுந்து, அங்கே மகன் பேசுவார். தமிழில்தான். அந்தக் கடிதத்துக்காகத்தான் செல்லோடேப். ஆன்ட்டி பார்சலைப் பிரித்ததும் கேசட்டின் முதுகைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். வழவழப்புத் தட்டுப்பட்டால் உள்ளே மகன் இருக்கிறார் என்று அர்த்தம்.

அட்டைப் படம் எல்லாத் தொகுப்புக்கும் ஒன்றுதான். செம்மண் பூமி, நடுவில் நேரான ரோடு, தூரத்தில் ஒரு கார். அந்தக் கார் நம்மைப் பார்த்து வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாது. ஆனால் தொகுப்புக்குத் தொகுப்பு அது கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே போனதை நான் கவனித்திருந்தேன். வீட்டில் சொன்னேன், யாரும் சட்டை செய்யவில்லை.

என் சித்தப்பா அப்போது கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் காலி கேசட்டில் ஏற்றித் தருவார். ஆஸ்திரேலியப் பாட்டு அவரிடம் மட்டும்தான் கிடைக்கும் என்று ஊருக்குள் ஒரு பேர். ஆன்ட்டியிடம் இரவல் வாங்கித்தான் பதிந்தார். ஆன்ட்டி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ‘பாட்டு எல்லாருக்கும். கடைசியில இருக்கிறது வீட்டுப் பேச்சு, அதை யாரும் கேக்கக் கூடாது.’ பதில் பேச வேண்டுமென்றால் ஆன்ட்டி தன் பெட்டியிலேயே ஒரு கேசட்டில் பேசிக் கொடுப்பார், சித்தப்பா விலாசம் எழுதி அனுப்புவார்.

சித்தப்பாவின் மெஷினில் இரண்டு கேசட் போடலாம். இடது பக்கம் ஓடுகிற பாட்டு வலது பக்கத்தில் பதியும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கும். வலது பக்கத்துக்கு வயதாகிவிட்டது, பழையதைச் சரியாக அழிக்காது. பிள்ளையார் பாட்டு பதிந்து வாங்கிப் போன ஒருவர் மறுநாளே சண்டைக்கு வந்துவிட்டார். பிள்ளையாருக்கு அடியில் மெல்லிசாகக் கிளப் டான்ஸ் பாட்டு ஓடுகிறதாம். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் பிறகு மறக்கவில்லை.

ஆறாம் தொகுப்பு வந்த சமயம் ஆன்ட்டி ஊரில் இல்லை. கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, கோலார் தங்கவயலில் தங்கச்சி வீட்டில் பத்து நாள் இருந்தார். தபால்காரர் பார்சலை எங்கள் வீட்டில் கொடுத்தார். கிறிஸ்துமஸ் நெருக்கம், பார்ட்டிக்குப் புதுப்பாட்டு வேண்டுமென்று சித்தப்பாவை நாலு பேர் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா பேஜார் பண்ணிக்க மாட்டாங்க. பாட்ட மட்டும் எடுத்துக்கறேன், பேச்ச தொட மாட்டேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பிரித்தார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அன்று மதியம் நான் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோயிருந்தேன். எனக்குப் பத்து வயது. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது. பின்னால் ஏதோ ஒரு பறவை, குழலில் தண்ணீர் ஊற்றி ஊதினாற்போல் ஒரு கூவல். அப்புறம் ஓர் ஆண் குரல்: “அம்மா, இந்தத் தடவ கொஞ்சம் கவனமாக் கேளு.” சித்தப்பா டக்கென்று நிறுத்திவிட்டார். கேசட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்த சீட்டுக்காக நாலாம் தொகுப்பை இடது பக்கம் மாட்டினார். “இத தொடாத” என்று சொல்லிவிட்டுக் காலி கேசட் வாங்கப் போனார்.

தெருவே பேசுகிற அந்த மகன் என்னதான் சொல்வார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இடது பக்கத்தைத் தொடக்கூடாது, அதனால் ஆறாம் கேசட்டை வலது பக்கத்தில் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சித்தப்பா எப்போதும் அமுக்குகிற சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். குரல் வரவில்லை, பாட்டுதான் வந்தது. யாருமில்லாத கூடத்தில் பாடுவது போல ஒரு பொம்பளைக் குரல், பின்னால் நீளமான மரக்குழாயை ஊதுகிற சத்தம், மாடு அழுவது போல. பாட்டு முடிந்ததும் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு நான் சமர்த்தாக உட்கார்ந்து கேட்டேன். முழுப் பாட்டையும் கேட்டு முடித்த பிறகுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

இடது பக்கத்துப் பாட்டு மகனின் பேச்சின்மேலேயே பதிந்துவிட்டிருந்தது. நிறுத்தி, எடுத்து, பெட்டியில் போட்டு, தொடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். சித்தப்பா வந்தார். சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், ஓர் அறை விட்டிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நான் கேரியரை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

ஆன்ட்டி கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார். பார்சலைப் பிரித்ததைச் சித்தப்பா மறைக்காமல் சொன்னார், ஆன்ட்டியும் கோபித்துக்கொள்ளவில்லை. கேசட்டின் முதுகைத் தடவினார். வழவழப்பு இருந்தது, முகம் மலர்ந்தது. அன்று மதியம் மூன்று மணிக்குச் சுவர் வழியாகக் கேட்டோம்: ‘அம்மா, இந்தத் தடவ கொஞ்சம் கவனமாக் கேளு.’ உடனே அந்தப் பொம்பளைக் குரல், அந்த மரக்குழாய்.

நான் எதிர்பார்த்தது வேறு. கேசட் கெட்டுப்போயிற்று என்று ஆன்ட்டி சத்தம் போடுவார், குட்டு வெளிப்படும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த எண்ணமே வரவில்லை. மகன் கவனமாகக் கேள் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டிருக்கிறான், அப்படியென்றால் அந்தப் பாட்டைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். பாட்டென்றாலே காதைப் பொத்திக்கொண்ட அம்மாவுக்கு மகன் வைத்த பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு அந்தக் குரல். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை, பதினைந்து தடவை. மாவு பிசைந்துகொண்டிருக்கும் என் அம்மா ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி, “யாரு?” என்பாள். பிறகு தன்னையே திட்டிக்கொள்வாள். அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்த என் தம்பி, முதல் முதலாக முழுசாகப் பேசிய வாக்கியமே ‘கவனமாக் கேளு’ என்பதுதான். அதே இழுப்பு, அதே ஆண்பிள்ளைத் தோரணை. இரண்டு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து அது வந்தபோது அம்மா பயந்துபோய் அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

“புரியலன்னு அவனுக்கே பேசி அனுப்புங்கக்கா, நான் போஸ்ட் பண்றேன்” என்றார் சித்தப்பா.

“அதெப்பிடி? இந்தத் தடவயும் நான் கேக்கலன்னு ஆயிடும்ல? கேட்டுட்டுத்தான் பேசுவேன்.”

இரண்டு மாதம் போனது. ஒருநாள் ஆன்ட்டி சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். நான் போனேன். வெயில் முற்றத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. மேஜையில் எனக்காக ஒரு ஜாம் பன்.

“பாப்பா, உனக்குச் சின்னக் காது, நல்லா கேக்கும். இங்க வந்து ஒக்காரு. பாட்ட விட்டுடு. பாட்டுக்கு அடியில கேளு.”

ஸ்பீக்கரின் துணியில் காதை வைத்தேன். துணியில் ஈஸ்ட் வாசனை. பாட்டு ஓடியது. அதற்கு அடியில், மூடிய கதவுக்கு அப்பால் பேசுவது போல, ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடப் பிரியவில்லை. ஆனால் ஏற்றமும் இறக்கமும் தெரிந்தது. ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல ஓர் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில், என் தலைக்கு மேல், ஆன்ட்டி மெதுவாக “ம்” என்றார். குரல் மறுபடியும் பேசத் தொடங்கியது.

பிள்ளையாருக்கு அடியில் ஓடிய கிளப் டான்ஸ் எனக்குத் தெரியும், காரணம் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

“கேக்குதா கண்ணு?”

“இல்ல ஆன்ட்டி. பாட்டு மட்டும்தான்.”

ஆன்ட்டி என் முகத்தையே பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. “சரி, பன்ன சாப்பிடு” என்றார். நான் சாப்பிட்டேன். அந்தப் பன் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

வீட்டில் கேட்டபோதும் அதையே சொன்னேன், என் சொல்தான் சாட்சி ஆயிற்று. பச்சைப் பிள்ளைக்கே கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆன்ட்டி மூன்று மணிக்குப் பாட்டோடு பேசுகிறார், ‘ம்’ கொட்டுகிறார், சில நாள் அழுகிறார். தெருவில் பார்க்கிற பார்வை மாறியது. பாவம், தனியாக இருந்து இருந்து புத்தி பேதலித்துவிட்டது என்றார் அப்பா. கண் ஆபரேஷன் மயக்க மருந்துதான் காரணம் என்று அம்மா திடமாக நம்பினாள். யாருக்கும் அவர்மேல் வெறுப்பில்லை, நல்லது செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். சித்தப்பாதான் தங்கவயலுக்குக் கடிதம் போட்டு, தங்கச்சியை வரச் சொன்னார்.

தங்கச்சி வருவதற்கு முன்னால் ஏழாம் தொகுப்பு வந்துவிட்டது. ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் வந்தது. ஆன்ட்டி என்னைத்தான் பிரிக்கச் சொன்னார். அட்டையில் செம்மண்ணும் ரோடும் இருந்தன, கார் இல்லை. அவர் கேசட்டை வாங்கி முதுகைத் தடவினார். விரல் பள்ளத்தில் இறங்கியது. மறுபக்க ஓரத்தையும் தடவினார், அங்கேயும் பள்ளம்.

“ஒட்டலையே” என்றார். டேப்ரிக்கார்டரில் போட்டு ஓடவிட்டார். கடைசிப் பாட்டு அறுபடாமல் முழுசாக ஓடி முடிந்தது. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து ஓய்ந்துபோன மனுஷனின் கேசட் அது. அந்த வயதிலேயே எனக்கு அது புரிந்தது, அதுதான் என் தண்டனை.

தங்கச்சி வந்தார். டேப்ரிக்கார்டரைத் துணியில் சுற்றி முதலில் மூட்டை கட்டியது அவர்தான். “இனிமே இந்தப் பெட்டிய நீ தொடவே வேணாம்” என்று சின்னக் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார். டாக்ஸியில் ஏறும்போது ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த ஆறாம் கேசட்டை என் கையில் திணித்தார்.

“கடைசி வரைக்கும் கேளு கண்ணு” என்றார், தங்கச்சிக்குக் கேட்காத குரலில்.

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். என் பொய் தெரிந்துவிட்டது, வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டுச் சாகு என்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் தங்கவயலில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. கேசட்டை நான் போடவில்லை. கல்யாணம் ஆகி நாலு வீடு மாறினேன், அதுவும் துணிப்பெட்டியின் அடியில் கிடந்து கூடவே வந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

உங்கள் வாட்ஸ்அப் படம் வந்த வாரம் என் மகள் அதைக் கண்டுபிடித்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் சவுண்ட் சம்பந்தமான கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டு வேறு, குரல் வேறு என்று பிரித்துவிடலாமாம். அவளிடம்தான் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

“அம்மா, பாட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்லம்மா. வெறும் இரைச்சல்தான். இத்தன வருஷத்துல அழிஞ்சிருக்கும், இல்ல அப்பவே இல்லாமயும் இருந்திருக்கும்.” கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. “ஆனா பாட்டு முடிஞ்சதுக்கு அப்புறம், டேப் கடைசியில ஒரு அம்மா பேசறாங்க. அது நல்லா கேக்குது. அனுப்பறேன்.”

நாம் யாரும் கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டதில்லை, இல்லையா? பாட்டு முடிந்ததும் நிறுத்தி, திருப்பிப் போட்டுவிடுவோம். அதற்கப்புறம் கொஞ்சம் வெற்று டேப் இருக்கும். மகன் ஒட்டிய செல்லோடேப் இருக்கும்வரை அதில் யாரும் பேசலாம்.

சமையலறையில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தேன். ஆன்ட்டியின் குரல்.

“டேய் தம்பி, அம்மா பேசறேன். கேட்டுட்டேன்டா. முழுசா கேட்டுட்டேன். நாளாயிடுச்சுன்னு கோவிச்சுக்காத. பாட்டுக்கு அடியில பேசினா எப்பிடிடா சட்டுனு கேக்கும்? நீ கூப்பிட்டபடியே வர்றேன். வீட்டுக்குப் பின்னால ரூம் இருக்குன்னியே, அது போதும். பேப்பர்ல கைநாட்டு வெக்கணும்னா அனுப்பு, வெக்கறேன். குளிரும்னு சொன்னே, நான் அடுப்புக்கு முன்னாலயே நின்னவ, எனக்கென்ன குளிரு? கிட்டார் விஷயம் நேர்ல பேசிக்கலாம்.”

நடுவில் ஒரு பெருமூச்சு. எங்கள் தெருச் சத்தம் பின்னால் கேட்டது. எங்கள் வீட்டில் என் தம்பி அழுவதுகூடக் கேட்டது.

“என் கையில இத போஸ்ட் பண்ண விட மாட்டாங்கடா, கிறுக்கின்னு முடிவு பண்ணிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பாப்பாகிட்ட குடுக்கறேன். அவளுக்கும் நீ பேசறது கேட்டுச்சு, மூஞ்சியப் பாத்தேன், பயந்துடுச்சு பாவம். பாப்பா, நீ கேட்டுட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியும். பயப்படாத. ஒன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்டிக்குள்ள வெலாசம் மடிச்சு வெச்சிருக்கேன். சீக்கிரமா அனுப்பிடு கண்ணு, அவன் காத்துட்டு இருப்பான்.”

டக்கென்று பொத்தான் எழும்புகிற சத்தம். அவ்வளவுதான்.

மகன் வீட்டுக்குப் பின்னால் ரூம் இருப்பதை ஆன்ட்டிக்கு யார் சொன்னார்கள்? ஒன்றுமே இல்லை என்று மகளின் கம்ப்யூட்டர் சொல்கிற இடத்திலிருந்து அவர் எதைக் கேட்டார்? ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மகள் அனுப்பிய அந்தப் பாட்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு நானும் கேட்டேன். அதே இடத்தில் அந்த இடைவெளி வந்தது. என்னை அறியாமல் நான் “ம்” என்றேன்.

கேசட் பெட்டிக்குள், செம்மண் ரோட்டு அட்டைக்குப் பின்னால், பார்சலிலிருந்து கிழித்த விலாசம் எட்டாக மடித்து இருந்தது. அந்த மகனுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும், இருந்தால். அந்த வீடு இருக்கிறதா, அதற்குப் பின்னால் ரூம் இருக்கிறதா, எதுவும் தெரியாது. நேற்றுக் காலையில் கேசட்டைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டாள். லெட்டர் என்றேன். பொட்டலத்தை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அர்ஜென்டா மேடம்?”

“ஆமா” என்றேன்.